போர்வெல்லா, குட்டையா, ஊற்றா, கூரையா? நீலகிரித் தோட்டத்தின் கோடைத் தண்ணீருக்கு ஓர் ஒப்பீடு

டிசம்பர் வரை ஓடை ஓடுகிறது. ஜனவரியில் மெலிகிறது. பிப்ரவரிக் கடைசியில் மோட்டார் போட்டால் பத்து நிமிடத்தில் காற்றை இழுக்கிறது. கேரட் அப்போதுதான் கிழங்கு பருக்கும் நிலையில் நிற்கும். கேத்தி, இத்தலார், முத்தோரை பாலாடா, கோத்தகிரி பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: கையில் இருப்பது ஒருமுறை போடுகிற பணம், அதை எதில் போடுவது?

ஊட்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ. மழை பெய்கிறது. கீழே கோவைக்குக் கிடைப்பதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். ஆனால் அது சீராக வருவதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிக் கொட்டுகிற தண்ணீர் சரிவில் நிற்காது, மண்ணையும் வாரிக்கொண்டு போய்விடும். கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்கை நம்பியிருக்கின்றன. அக்டோபர், நவம்பர் மழை பொய்த்தால் கிழக்குச் சரிவுகளில் பிப்ரவரியிலேயே கோடை வந்துவிடும். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் வெப்பம் 29 டிகிரியைத் தொட்டது. அந்த வெயிலில் பாத்தி காலையில் நனைத்தால் மாலையில் காய்ந்து கிடக்கும்.

ஆகவே இங்கே மழைத் தண்ணீரைக் கோடை வரைக்கும் எங்கே, எப்படி வைத்திருப்பது என்பதுதான் முடிவெடுக்க வேண்டிய விஷயம். போர்வெல், குட்டை, ஊற்று, கூரைத் தொட்டி ஆகிய நான்கு வழிகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

## முதலில் லிட்டர் கணக்கு

தேவை எவ்வளவு என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கணக்கு எளிது.

ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஒரு மி.மீ. தண்ணீர் விட்டால் ஒரு சென்டுக்கு 40 லிட்டர். இலை மூடி நிற்கிற காய்கறிப் பயிர் இங்கே வறண்ட மாதங்களில் நாளுக்குச் சுமார் 3 மி.மீ. குடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது சென்டுக்கு 120 லிட்டர். அரை ஏக்கருக்கு நாளுக்கு 6,000 லிட்டர். ஸ்பிரிங்ளரில் விட்டால் காற்றிலும் வரப்பிலும் கால் பங்கு வீணாகும், எனவே 8,000 லிட்டர் எடுத்தாக வேண்டும். மழையில்லாத 60 நாளுக்கு 4,80,000 லிட்டர். விதைத்த முதல் மாதம் பாதி போதும் என்பதால் மூன்றரை, நான்கு லட்சம் என்று கொள்ளலாம்.

இதில் பலர் சேர்க்க மறப்பது உறைபனித் தண்ணீர். தலைகுந்தா மாதிரி தாழ்ந்த இடங்களில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, விடியற்காலையில் வெயில் படுமுன் பனியைக் கழுவ ஸ்பிரிங்ளரை ஓட்டுகிறார்கள். அது பாசனக் கணக்குக்கு மேல் வருகிற செலவு. பனி விழும் பள்ளத்தில் தோட்டம் இருந்தால் அதற்கும் தண்ணீர் ஒதுக்குங்கள்.

வீட்டுக்கு வேறு கணக்கு. ஐந்து பேர், ஆளுக்கு 40 லிட்டர் என்றால் நாளுக்கு 200 லிட்டர். 90 நாளுக்கு 18,000. தோட்டத் தேவைக்குப் பக்கத்தில் இது மிகச் சிறிய எண். அதனால் வீட்டுத் தண்ணீரையும் தோட்டத் தண்ணீரையும் ஒரே வழியில் தீர்க்க நினைக்காதீர்கள்.

## எதை வைத்து எடை போடுவது

ஆறு கேள்விகள் போதும். வறட்சியின் கடைசி மாதத்தில் எத்தனை லிட்டர் தரும்? தண்ணீர் பாத்திக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? எவ்வளவு நிலத்தை விழுங்கும்? சரிவுக்கு ஆபத்து உண்டா? அந்தத் தண்ணீரை இப்போது வேறு யார் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்? ஆண்டுதோறும் என்ன வேலை வைக்கும்?

இரண்டாவது கேள்வி மலைக்கே உரியது, அதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் குழாயில் ஒரு கிலோ அழுத்தம் இலவசமாகக் கிடைக்கிறது. சொட்டுநீருக்கு ஒரு கிலோ போதும், ஸ்பிரிங்ளருக்கு இரண்டு முதல் இரண்டரை கிலோ வேண்டும். தண்ணீர் தோட்டத்துக்கு மேலே 20–25 மீட்டர் உயரத்தில் இருந்தால் மோட்டாரே வேண்டாம். அதே தண்ணீர் 100 மீட்டர் ஆழத்தில் இருந்தால், ஆயிரம் லிட்டரை மேலே கொண்டுவர ஏட்டுக்கணக்கில் 0.27 யூனிட் கரண்ட். மோட்டார், குழாய் இழப்பெல்லாம் சேர்த்தால் அதைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு ஆகும். விவசாயத்துக்குக் கரண்ட் கட்டணமில்லைதான். ஆனால் அந்த இணைப்பு கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதும், கிடைத்த பிறகு மும்முனை வரும் நேரத்தில்தான் ஓட்ட முடியும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

## போர்வெல்

நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட். இறுகிய பாறை, உள்ளே தண்ணீர் தங்கத் துளை கிடையாது. அதன்மேல் பல மீட்டர் கனத்துக்குச் செம்மண்ணும் மக்கிய பாறையும் போர்த்தியிருக்கிறது. மழையைக் குடித்து வைத்திருப்பது இந்தப் போர்வைதான். பாறைக்குள் தண்ணீர் இருக்கிறதென்றால் அது விரிசல்களில் மட்டுமே இருக்கும், அந்த விரிசலுக்கும் மேலே உள்ள போர்வையிலிருந்துதான் தண்ணீர் இறங்கியாக வேண்டும். சரிவில் கீழே கசிகிற ஊற்றுக்கும் அதே போர்வைதான் தாய்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, விரிசல் கிடைத்தால் தண்ணீர், கிடைக்காவிட்டால் தூசி. இருபது அடி தள்ளிப் போட்டவருக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்கும் என்று சொல்ல யாராலும் முடியாது. இரண்டு, கிடைத்தாலும் அது புதுத் தண்ணீர் என்று எண்ண வேண்டாம். கீழே இருக்கிற ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ அது குறையும். கீழ்ச்சரிவில் ஒரு ஊரே அந்த ஊற்றில் குடம் வைத்துக் காத்திருக்கலாம்.

போர் போட நினைப்பவர்கள் முதலில் அனுமதியைப் பாருங்கள். நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் போர் போட முடியாது, அனுமதி சுலபத்தில் கிடைப்பதும் இல்லை. வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் காகிதத்துக்கு அலைவது தலைகீழ் வேலை. அடுத்தது ஊறல் சோதனை. டிசம்பரில் போட்டு "இரண்டு இஞ்சு தண்ணீர்" என்று மகிழ்வது வழக்கம். ஏப்ரலில் தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் ஓட்டி, மட்டம் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். தண்ணீரில் இரும்பு இருந்தால் வெளியே வந்து காற்றுப் பட்டதும் சிவப்பாகப் படியும், சொட்டுநீர்த் துளைகளை ஒரு பருவத்தில் அடைத்துவிடும். தண்ணீர் கிடைக்காத குழியை மூடியே ஆக வேண்டும். மூடாத குழி குழந்தைகளின் உயிரை வாங்கும்.

போர் சரியான முடிவாகும் இடமும் உண்டு. முகட்டில் இருக்கிற குடியிருப்பு, மேலே ஊற்றே இல்லை, குடிநீருக்கு வேறு வழியில்லை, ஊர்ப் பொதுவில் அனுமதி வாங்கிப் போடுகிறார்கள் என்றால் அது நியாயம். அரை ஏக்கர் கேரட்டுக்காகத் தனியாள் போடுவது பணத்தையும் பக்கத்து ஊரின் தண்ணீரையும் சேர்த்து வைத்து ஆடும் சூதாட்டம்.

## ஷீட் போட்ட பண்ணைக்குட்டை

சமவெளியில் குட்டை என்றால் சதுரமாக வெட்டுவார்கள். சரிவில் சதுரம் வேண்டாம். பத்தடிக்கு இரண்டடி ஏறுகிற சரிவில் 15 மீட்டர் அகலக் குட்டை வெட்டினால் மேல் பக்கம் 3 மீட்டர் மண்சுவர் நிற்கும், அது முதல் பெருமழையில் உள்ளே சரியும். சரிவில் படிபோல் வெட்டிய மேடையின் நீளவாக்கில் ஒடுங்கியதாக, நீண்டதாக வெட்டுங்கள்.

ஓர் உதாரணம். மேல்வாய் 6 மீட்டர் அகலம், 25 மீட்டர் நீளம், ஆழம் 2 மீட்டர். பக்கச் சுவர்கள் ஒன்றுக்கு ஒன்று சாய்வு. அடியில் 2 மீட்டருக்கு 21 மீட்டர். கொள்ளளவு சுமார் 1,85,000 லிட்டர். தண்ணீர் கசியாமல் விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட் 10 மீட்டருக்கு 29 மீட்டர், அதாவது 290 சதுர மீட்டர் ஆகும். இதில் நான்கு பக்கமும் கரையில் புதைக்க ஒரு மீட்டர் சேர்ந்திருக்கிறது. கடைக்காரர் குட்டையின் மேல்வாயை மட்டும் பெருக்கி 150 சதுர மீட்டர் என்று விலை சொன்னால் அந்த விலையை நம்ப வேண்டாம். நிலம் கரையோடு சேர்த்து ஐந்தாறு சென்ட் போகும். அரை ஏக்கரில் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல், இதையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முன்னே போட்ட கணக்குப்படி இந்தக் குட்டை இருபது, இருபத்தைந்து சென்டுக்குத்தான் கோடை தாங்கும். அரை ஏக்கரும் தாங்கும் என்று சொல்லி விற்பவரிடம் லிட்டரைக் கேளுங்கள்.

எப்படி நிறையும்? ஜூனிலிருந்து டிசம்பர் வரை 900 மி.மீ. பெய்தால் குட்டையின் வாயில் விழுவது மட்டும் 1,35,000 லிட்டர். அதே மாதங்களில் ஆவியாகிப் போவதைக் கழித்தால் பாதிகூட நிறையாது. மீதி வீட்டுக் கூரையிலிருந்தோ, பாதை ஓரக் கால்வாயிலிருந்தோ, ஊற்றின் இரவு உபரியிலிருந்தோ வர வேண்டும். கால்வாய்த் தண்ணீர் என்றால் குட்டைக்கு முன்னால் ஒரு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் வண்டல் குழி கட்டாயம். அது இல்லாத குட்டைகள் சில மழைக்காலத்திலேயே முழங்கால் அளவு சேறு சேர்த்துவிடும். சேற்றை மண்வெட்டியால் அள்ளும்போது ஷீட் கிழியும்.

ஷீட் விஷயத்தில் கவனிக்க வேண்டியவை இவை. 500 மைக்ரான் கனத்துக்குக் குறையக் கூடாது. துண்டுகளை இடத்தில் வைத்துப் பசை போட்டு ஒட்டுவது நிற்காது, அளவு கொடுத்து ஆலையிலேயே சூட்டில் ஒட்டி ஒரே துண்டாக வாங்குங்கள். விரிக்குமுன் பள்ளத்தின் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். சீகை (வாட்டில்) மரத்தின் வேர்நுனி, கல் முனை, பழைய தேயிலைத் தூர், இவை கண்ணுக்குப் படாது, கைக்குப் படும். எல்லாவற்றையும் வெட்டியெடுத்துச் சலித்த மண்ணை இரண்டு விரல் கனத்துக்குப் பூசி, பழைய சாக்குகளை விரித்து, அதன்மேல்தான் ஷீட். விரித்த அன்றே ஓரடித் தண்ணீராவது விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்று புகுந்து தூக்கிக் கிழித்துவிடும். கோடையிலும் கடைசி ஓரடியை எடுக்காமல் விடுவது இதற்காகத்தான்.

பள்ளத்தாக்கின் அடியில், சதுப்பாக இருக்கிற நிலத்தில் ஷீட் குட்டை போடவே கூடாது. மழைக்காலத்தில் கீழிருந்து ஊறும் தண்ணீர் ஷீட்டைப் பலூன் மாதிரி மேலே தூக்கும். தவிர, அந்தச் சதுப்புதான் கோடையில் ஓடையை ஓட வைக்கிறது. அதை வெட்டி வடித்துக் கேரட் போட்ட இடங்களில், ஓடை முன்னைவிடச் சீக்கிரமே நிற்பதைக் கீழே இருப்பவர்கள் பார்க்கிறார்கள்.

இனி ஆபத்து. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செம்மண் போர்வை தண்ணீரைக் குடித்துக் கனத்து, பாறையின் மேல் வழுக்குவதுதான் இங்கே மண்சரிவு. அதனால் வீட்டுக்கு நேர் மேலே குட்டை வேண்டாம். மூன்றடிக்கு ஓரடி ஏறும் சரிவுக்கு மேல் குட்டையே வேண்டாம். மரங்கள் சாய்ந்து நிற்கிற, நிலத்தில் பிறை வடிவில் வெடிப்பு ஓடுகிற இடத்தை விட்டு விலகுங்கள். வெட்டிய மண்ணைக் கீழ்ச்சரிவில் கொட்டாதீர்கள், மேடையின் உள்பக்கத்தில் பரப்புங்கள். வழிந்தோட ஆறு இஞ்சுக் குழாய் வைத்து அதை இயற்கையான ஓடை வரைக்கும் கொண்டுபோய் விடுங்கள். குழாயின் வாய் மேடை விளிம்பிலேயே நின்றால் அந்த மேடை போய்விடும். ஷீட் போடாத கசிவுக்குட்டையைச் சரிவில் வெட்டினால் நிலத்தடி நீர் கூடும் என்று சமவெளி ஆலோசனையைக் கேட்டுச் செய்பவர்கள், இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

பொக்லைன் வைத்து மண் வெட்ட இங்கே வருவாய்த் துறையின் அனுமதி தேவை. வேளாண் பொறியியல் துறையிலும் தோட்டக்கலைத் துறையிலும் குட்டைக்கு மானியம் இருக்கிறதா என்று வெட்டுவதற்கு முன்பே கேளுங்கள், வெட்டி முடித்த குழிக்குப் பொதுவாக மானியம் வராது. வேலி கட்டாயம். காட்டுமாடும் கடமானும் தண்ணீருக்கு இறங்கினால் குளம்பில் ஷீட் கிழியும். ஈர ஷீட்டில் வழுக்கி விழுந்த குழந்தையோ பெரியவரோ பிடிப்பில்லாமல் ஏற முடியாது. நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்கட்டும்.

## ஊற்று

இது பெரும்பாலும் பார்வைக்கே படாத வழி. காரணம், கட்டைவிரல் பருமனில் ஒழுகுகிற தண்ணீரை யாரும் மதிப்பதில்லை. மோட்டார் வைத்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது, "இதில் என்ன இருக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு பத்து லிட்டர் வாளியை அடியில் வையுங்கள். இரண்டரை நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 4 லிட்டர். இரவு பகல் ஓடினால் நாளுக்கு 5,760 லிட்டர். ஸ்பிரிங்ளர் இழப்பு சேராமல் அரை ஏக்கருக்குக் கேட்ட 6,000 ஏறத்தாழ இதோ இருக்கிறது. குறை தண்ணீரில் இல்லை, இரவு ஓடுவதைப் பிடிக்கப் பாத்திரம் இல்லாததுதான் குறை. ஆறாயிரம் லிட்டர் தொட்டி ஒன்று வைத்தால் இரண்டு லட்சம் லிட்டர்க் குட்டையின் வேலையில் பெரும்பகுதியை அது செய்யும், ஒரு சென்ட் நிலம்கூடப் போகாது.

வேலை இப்படி. ஊற்றின் கண்ணைத் தேடிச் சேறு, இலைமக்கை மட்டும் கையால் விலக்குங்கள். பின்பக்கம் தோண்டவோ வெடி வைக்கவோ கூடாது. கண்ணுக்கு முன்னால் கழுவிய சல்லியை நிரப்பி, மூன்று பக்கமும் சிமென்ட் சுவர் கட்டி, மேலே கான்கிரீட் மூடி போடுங்கள். மலைப்பக்கம் திறந்திருக்க வேண்டும். வெளியேறும் குழாயும் உபரிக் குழாயும் ஊற்றுக் கண்ணின் மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அதிகம் தண்ணீர் தேங்கட்டும் என்று குழாயை உயர்த்தி வைப்பதுதான் பரவலாக நடக்கிற தவறு. தண்ணீர் பின்னால் ஏறி நின்று அழுத்தினால், ஊற்று வேறு வழி பார்த்துக்கொண்டு பக்கத்தில் போய்க் கசியும். கட்டியவரின் பெட்டி காய்ந்து கிடக்கும். பெட்டிக்கு மேலே சிறு வடிகால் வெட்டி மழை வெள்ளத்தைத் திருப்பிவிடுங்கள். அடியில் கழுவுவதற்கு ஒரு வால்வு வைத்து ஆண்டுக்கு இருமுறை திறந்துவிடுங்கள்.

குழாயில் ஒரு எச்சரிக்கை. 50 மீட்டர் இறக்கத்துக்கு 4 கிலோ பிவிசி குழாய் போட்டால் பகலில் தாங்கும், இரவில் வால்வை மூடியதும் வெடிக்கும். ஓடாமல் நிற்கும் தண்ணீரில்தான் முழு அழுத்தமும் குழாயின் மேல் உட்காரும். 6 கிலோ குழாய் போடுங்கள், அல்லது நடுவில் ஒரு சிறு தொட்டியில் தண்ணீரை விழவிட்டு அழுத்தத்தை உடையுங்கள். உறைபனி விழும் இடத்தில் ஓரடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

இதன் மறைமுகச் செலவு பணமாக வராது, பேச்சுவார்த்தையாக வரும். ஊற்று காட்டுக்குள் இருந்தால் வனத்துறை அனுமதி வேண்டும். பட்டாவில் இருந்தாலும் கீழே இருப்பவர்களுக்கு அதில் வழக்கமான பங்கு இருக்கும். ஹட்டியிலோ (படுகர் குடியிருப்பு) ஊரிலோ உட்கார்ந்து பகல் யாருக்கு, இரவு யாருக்கு, கால்நடைத் தொட்டிக்கு எவ்வளவு என்று குழாய் போடுமுன் பேசி முடிக்க வேண்டும்.

ஊற்றைப் பெருக்கவும் வழி இருக்கிறது. கிளென்மார்கனில் ஊட்டி மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் அளந்தது. புல்வெளியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்ட பக்கம், முதல் பத்தாண்டுச் சுற்றில் வரும் தண்ணீர் 16 சதவீதமும், வெட்டித் துளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதமும் குறைந்தது. உங்கள் ஊற்றுக்கு மேலே கற்பூரமும் சீகையும் அடர்ந்திருந்தால் காரணம் அங்கே இருக்கலாம். ஆனால் அவசரப்பட்டு மொட்டையடிக்காதீர்கள். பட்டா மரமானாலும் 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். வேர் பிடித்திருந்த சரிவை ஒரே ஆண்டில் திறந்துவிட்டால் மண் போகும். பகுதி பகுதியாக எடுத்து, புல்லும் சோலை மரக் கன்றுகளும் பிடித்த பிறகு அடுத்த பகுதிக்குப் போவதே நிதானம்.

## கூரைத் தண்ணீர்

தோட்டத்துக்கு இது போதாது, வீட்டுக்கு இதைப் போல் வேறில்லை. 60 சதுர மீட்டர் தகரக் கூரையில் 1,200 மி.மீ. மழையிலிருந்து, சிதறுவது போக ஆண்டுக்கு 60,000 லிட்டர் பிடிக்கலாம். 10,000 லிட்டர் ஃபெரோசிமென்ட் தொட்டிக்கு இரண்டரை மீட்டர் விட்டம், சுமார் 2.1 மீட்டர் உயரம் போதும். கம்பி வலையும் கோழி வலையும் சேர்த்துக் கட்டி, சிமென்ட் ஒன்றுக்கு மணல் மூன்று. இரண்டு வாரம் ஈரம் காயாமல் வைத்திருப்பதில்தான் தொட்டியின் ஆயுள் இருக்கிறது. அந்த நாட்களில் சாக்கு போர்த்தாமல் விட்ட தொட்டி மயிரிழை வெடிப்பில் கசியும்.

முதல் மழையைக் கழித்துவிட வேண்டும். ஒரு மி.மீ. என்றால் இந்தக் கூரைக்கு 60 லிட்டர், ஒரு சிறு டிரம் போதும். தேயிலை, காய்கறித் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள வீடு என்றால் மருந்து அடித்த பிறகு வருகிற முதல் மழையையும் அப்படியே வெளியே விடுங்கள். கல்நார்க் கூரைத் தண்ணீரைக் குடிக்க எடுக்க வேண்டாம்.

ஓடையில் மோட்டார் வைப்பதையும் டேங்கரையும் நான் தனி வழியாகச் சேர்க்கவில்லை. ஓடை காயும் நாளில்தான் தண்ணீர் தேவை, அன்று மோட்டார் உதவாது. டேங்கர் கொண்டுவருவது வேறொரு ஊரின் ஊற்றை. திருமணத்துக்கோ குழாய் உடைந்த வாரத்துக்கோ சரி, நாளுக்கு 8,000 லிட்டருக்கு எந்தக் கேரட் விலையும் கட்டாது.

## ஒரே பார்வையில்

| | போர்வெல் | ஷீட் குட்டை | ஊற்றும் தொட்டியும் | கூரைத் தொட்டி |
|---|---|---|---|---|
| வறட்சியின் கடைசியில் | விரிசலைப் பொறுத்தது | தேக்கியது தீரும் வரை | குறையும், பெரும்பாலும் நிற்காது | தேக்கியது தீரும் வரை |
| எவ்வளவுக்குப் போதும் | முன்கூட்டிச் சொல்ல முடியாது | 1,85,000 லிட்டருக்கு 20–25 சென்ட் | நிமிடத்துக்கு 4 லிட்டரென்றால் அரை ஏக்கர் வரை | வீடு, நாற்றங்கால் |
| கரண்ட் | கட்டாயம் | மேலே இருந்தால் வேண்டாம் | மேலே இருந்தால் வேண்டாம் | வேண்டாம் |
| நிலம் | இல்லை | ஐந்தாறு சென்ட் | மிகக் குறைவு | வீட்டோரம் |
| சரிவுக்கு ஆபத்து | குறைவு | இடம் தவறினால் அதிகம் | குறைவு | இல்லை |
| யாருடைய தண்ணீர் | கீழுள்ள ஊற்றினுடையது | மழையினுடையது | ஊராருடன் பங்கு | உங்களுடையது |
| கெடுவது எதனால் | மட்டம் இறங்குதல், இரும்பு | கிழிசல், சேறு | உயர்த்திய குழாய், மரங்கள் | சரியாக ஆறாத சிமென்ட் |

## எந்தத் தோட்டத்துக்கு எது

தோட்டத்துக்கு மேலே ஒரு ஊற்று ஏப்ரலிலும் நிமிடத்துக்கு இரண்டு லிட்டராவது ஒழுகுகிறது என்றால் முதல் பணம் அதற்கு. பெட்டி, 6 கிலோ குழாய், தொட்டி. பிறகு பணம் மிஞ்சினால் குட்டை.

ஊற்று இல்லை, ஆனால் மேல் மேடை ஒன்று தட்டையாக, உறுதியாக இருக்கிறது என்றால் குட்டை. அது தோட்டத்துக்குப் பத்து மீட்டர்தான் மேலே என்றால் ஸ்பிரிங்ளர் சுற்றாது. முட்டைக்கோஸ், பீன்ஸ், ஸ்ட்ராபெரிக்குச் சொட்டுநீர் போடுங்கள். நெருக்கி விதைக்கிற கேரட்டுக்கு ரெயின் ஹோஸ் (துளையிட்ட தெளிப்புக் குழாய்) ஓரளவு பொருந்தும். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு சொட்டுநீருக்கும் தெளிப்பு நீருக்கும் 100 சதவீத மானியம் தருகிறது. தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்று வாங்கித் தோட்டக்கலை அலுவலகத்தில் பதியலாம். தண்ணீர்ச் சேமிப்பில் இதைவிடக் குறைந்த செலவு வேறில்லை.

கீழே பள்ளத்தில் தோட்டம், மேலே அடுத்தவர் நிலம், சரிவு செங்குத்து என்றால் குட்டையும் வேண்டாம், போரும் வேண்டாம். கோடைப் பயிரின் பரப்பைக் குறையுங்கள். அரை ஏக்கருக்கும் அரைகுறையாகத் தண்ணீர் காட்டினால் கிழங்கு வெடிக்கும், கிளை விடும், சந்தையில் கழிவாகப் போகும். அதே தண்ணீரில் இருபது சென்ட் முழுதாக விளையும். மீதியில் டிசம்பரிலேயே மக்கு உரமும் இலைமூடாக்கும் பரப்பி, கோடை மழைக்குக் காத்திருக்கும் நிலமாக விடலாம்.

வீட்டுக்கு எந்த நிலையிலும் கூரைத் தொட்டி. ஊட்டிக்கு பார்சன்ஸ் வேலி அணையும் குன்னூருக்கு ரேலியா அணையும் இருந்தாலும், கோடையில் குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான்.

எதை எடுத்தாலும் பணம் போடுமுன் ஒரு கோடையை அளவெடுக்கக் கொடுங்கள். ஒரு வாளி, ஒரு கைக்கடிகாரம், சுவரில் ஒரு நோட்டு. பிப்ரவரி 15, மார்ச் 15, ஏப்ரல் 15 ஆகிய மூன்று நாளும் காலையில், முதல் நாள் மழை பெய்யாதிருந்தால், ஊற்றையோ ஓடையையோ மூன்று முறை அளந்து சராசரி எழுதுங்கள். மூன்று எண்களில் மிகச் சிறியது எதுவோ அதை 1,440 ஆல் பெருக்குங்கள். வருவதுதான் ஒரு நாளைக்கு நீங்கள் நம்பக்கூடிய தண்ணீர். தொட்டியின் அளவையும் கோடைப் பாத்தியின் சென்டையும் அந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள்.